கூக்காவை மிடியா வாங்கியது: ஒரு நிகழ்வு ஆய்வு

தென் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தலைமையகம் கொண்ட கூக்கா, 2016இல் தொழிற்சாலை ரோபோ செய்யும் உலகின் நான்கு பெரிய நிறுவனங்களில் ஒன்று. மற்ற மூன்றும் ஃபானுக், யாஸ்காவா, ஏபிபி. அந்த ஆண்டு மே 18 அன்று சீனாவின் மிடியா குழுமம் பங்கு ஒன்றுக்கு 115 யூரோ தருவதாக அறிவித்தது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் 94.55 சதவீதப் பங்குகள் அதன் பக்கம் சேர்ந்துவிட்டன. 2022 நவம்பரில் மீதியும் போய், கூக்கா பங்குச் சந்தையிலிருந்தே விலகியது.

ஒரு தானியங்கித் தொழில்நுட்ப நிறுவனம் எப்படி வளர்கிறது, எந்த இடத்தில் பிடி நழுவுகிறது, விற்கும்போது எழுதி வாங்கிய உறுதிமொழிகளில் எவை நிற்கின்றன என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது கடினம். இதில் முடிவெடுத்த நிர்வாகிகளையும் அமைச்சர்களையும் பெயர் சொல்லாமல் பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறோம்.

பின்னணி: விளக்கு வாயுவிலிருந்து ரோபோ வரை

1898இல் கெல்லர், க்னாப்பிச் என்ற இருவர் ஆக்ஸ்பர்க்கில் அசிட்டிலின் ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டிலும் தெருவிலும் விளக்கெரிக்கத்தான் அந்த வாயு. மின்விளக்கு வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. ஆனால் அதே வாயுவை ஆக்ஸிஜனோடு சேர்த்தால் இரும்பை உருக்கி ஒட்டலாம் என்பதால் 1905 வாக்கில் வெல்டிங் பக்கம் திரும்பினார்கள். 'கெல்லர் உண்ட் க்னாப்பிச் ஆக்ஸ்பர்க்' என்பதன் முதலெழுத்துகள்தான் கூக்கா.

1936இல் தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் கன் செய்தார்கள். 1956இல் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடல்களை ஒட்டும் தானியங்கி அமைப்புகளும், ஃபோக்ஸ்வாகனுக்கு ஒரே நேரத்தில் பல புள்ளிகளில் வெல்டிங் செய்யும் லைனும் (உற்பத்தி வரிசை) வந்தன. அறுபது ஆண்டு கழித்து இந்த நிறுவனத்தை வாங்க வந்ததும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிற நிறுவனம்தான்.

ரோபோவுக்குள் இவர்கள் வந்தது தேவையால். 1971இல் டைம்லர்-பென்ஸுக்கு அமைத்த வெல்டிங் லைனில் அமெரிக்காவின் யூனிமேட் ரோபோக்களைப் பொருத்தினார்கள். அவை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரங்கள். எண்ணெய் சூடேறச் சூடேற அதன் பிசுக்கு மாறும்; அதோடு கையின் நிலையும் மெல்ல நகரும். சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும். வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் எண்ணெய்க் கசிவு பெரிய ஆபத்து. ஒரு காரின் உடலில் நாலாயிரம், ஐயாயிரம் வெல்டிங் புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் கன்னின் நுனி தகட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்குக் கை போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, மணிக்கட்டும் மூன்று திசையில் திரும்ப வேண்டும். 1973இல் கூக்கா செய்த ஃபாமுலஸ் ரோபோவில் ஆறு அச்சுகள், அதாவது அசையும் மூட்டுகள், இருந்தன. ஆறையும் மின்மோட்டார்களே இயக்கின. ஆறு அச்சையும் மின்சாரத்தில் ஓட்டிய முதல் தொழிற்சாலை ரோபோ அதுதான்.

இரண்டாவது பெரிய தாவல் 1996இல். அதுவரை ஒவ்வொரு ரோபோ நிறுவனமும் ரோபோவின் அசைவை ஆளும் கன்ட்ரோலர் பலகைகளைத் தனக்கென்றே தனியாகச் செய்துகொண்டிருந்தது. கூக்கா சாதாரண பிசியை எடுத்து, அதில் இரண்டு இயங்குதளங்களை ஒன்றாக ஓட்டியது. திரைக்கும் கோப்புகளுக்கும் விண்டோஸ் 95, கையின் அசைவுக்கு நேரம் தவறாமல் இயங்கும் விஎக்ஸ்வொர்க்ஸ். முன்னுரிமை எப்போதும் விஎக்ஸ்வொர்க்ஸுக்கே. 12 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடுத்த நிலையைக் கணக்கிட்டு, மோட்டார்களை ஓட்டும் ஆறு டிரைவுகளுக்கும் அனுப்பியாக வேண்டும். விண்டோஸ் தொங்கி நின்றாலும் அந்தத் தாளம் தப்பக் கூடாது. இந்த அமைப்பு இரண்டு நன்மை தந்தது. பிசியின் விலை ஆண்டுதோறும் இறங்க, கன்ட்ரோலர் செலவும் இறங்கியது. நெட்வொர்க் அட்டை, கேமரா மென்பொருள் போன்றவற்றை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தவும் முடிந்தது. பின்னால் வந்த கேஆர் சி4 கன்ட்ரோலரில் 12 மில்லிசெகண்ட் 4 ஆகக் குறைந்தது.

மூன்றாவதாக எல்பிஆர் ஈவா. ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆராய்ச்சியிலிருந்து வந்த ஏழு அச்சு ரோபோ இது, 2013இல் வெளியானது. ஒவ்வொரு மூட்டிலும் முறுக்குவிசையை அளக்கும் சென்சார் உண்டு. 7 கிலோ தூக்கும் வகையின் சொந்த எடை 24 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. கையால் தள்ளினால் விட்டுக்கொடுக்கும், ஆளின் மேல் இடித்தால் நிற்கும். பின்னர் ஜெர்மன் அரசியல்வாதிகள் 'நம் எதிர்காலத் தொழில்நுட்பம்' என்று பேசும்போது மனதில் வைத்தது பெரும்பாலும் இந்த வகை ரோபோவைத்தான். ஆனால் வருமானம் வந்ததோ கார் உடல் வெல்டிங் லைன்களிலிருந்தும் பெரிய ரோபோக்களிலிருந்தும். இந்த இடைவெளியைக் கவனிக்காமல் இந்த விற்பனையின் விலையைப் புரிந்துகொள்ள முடியாது.

கவனிக்கப்பட்டவை: பங்குப் பட்டியல்

1970இல் கூக்கா கார்ல்ஸ்ரூவின் இயந்திர நிறுவனத்தோடு இணைந்து ஐடபிள்யூகேஏ என்ற குழுமத்தின் ஒரு பகுதியானது. பொட்டலமிடும் இயந்திரங்களும் அந்தக் குழுமத்தில் இருந்தன. 2003க்குப் பிறகு அமெரிக்க முதலீட்டாளர் ஒருவர் பங்கு வாங்கி, பொட்டலப் பிரிவை விற்றுவிட்டு ரோபோவில் குவியுங்கள் என்று நெருக்கினார். 2007இல் அதுவே நடந்தது; குழுமத்தின் பெயரும் கூக்கா ஆனது. தொழில் அளவில் அது சரியான முடிவு. ஆனால் பல தொழில் கலந்த குழுமத்தை வாங்க யாரும் எளிதில் வரமாட்டார்கள். ரோபோ மட்டும் செய்யும் நிறுவனம் என்று ஆனபின் வாங்குபவருக்குப் பிரித்துப் பார்க்கும் வேலையே இல்லை.

2014இல் கிடங்குத் தானியங்கி நிறுவனமான ஸ்விஸ்லாக்கைக் கூக்கா வாங்கியது. 2015இல் விற்பனை ஏறத்தாழ 297 கோடி யூரோ, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 13.6 கோடி, நிகர லாபம் 8.6 கோடி, ஊழியர் ஏறத்தாழ 12,300 பேர்.

2016 மே நடுவில் பங்கு வைத்திருந்தோர் நிலை இது. இயந்திரக் குடும்ப நிறுவனமான ஃபோய்த்திடம் 25.1 சதவீதம். இன்னொரு ஜெர்மன் தொழிலதிபரிடம் 10 சதவீதம். மிடியாவிடம் 13.5 சதவீதம். மீதிப் பாதி சந்தையில் சிதறிக் கிடந்தது.

25.1 என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. ஜெர்மன் பங்கு நிறுவனச் சட்டத்தில் அமைப்புவிதியை மாற்றவும், ஒரு நிறுவனம் இன்னொன்றை நேரடியாக ஆளும் ஆதிக்க ஒப்பந்தம் போடவும் பொதுக்கூட்டத்தில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் கையில் இருந்தால் தடுத்துவிடலாம். 2014 டிசம்பரில் ஃபோய்த் இந்தப் பங்கை வாங்கியபோது, கூக்காவுக்கு ஒரு நங்கூரம், அதாவது நிலைத்து நின்று காக்கும் பங்குதாரர், கிடைத்துவிட்டதாகவே பலரும் எண்ணினார்கள். நங்கூரம் என்றைக்கும் விற்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

வாங்க வந்தவர் யார்

மிடியா 1968இல் குவாங்டாங் மாகாணத்தின் ஷுண்டேயில் 23 பேர் சேர்ந்து பாட்டில் மூடி செய்யத் தொடங்கிய பட்டறை. மின்விசிறி, ஏசி என்று வளர்ந்து உலகின் பெரிய வீட்டு உபயோகப் பொருள் நிறுவனங்களில் ஒன்றானது. சீனாவில் கூலி உயர்ந்துகொண்டிருந்தது. 2013 முதல் உலகிலேயே அதிக ரோபோ வாங்கும் நாடு சீனா. ஆனால் ரோபோவின் உயிரான மூன்று பகுதிகளில் (வேகம் குறைக்கும் துல்லிய கியர்பாக்ஸ், நிலையைத் துல்லியமாகப் பிடிக்கும் சர்வோ மோட்டார், கன்ட்ரோலர்) சீன நிறுவனங்கள் பின்தங்கியிருந்தன. மிடியா 2015இல் யாஸ்காவாவோடு கூட்டு நிறுவனங்கள் தொடங்கியது. 2017இல் இஸ்ரேலின் அசைவுக் கட்டுப்பாட்டு நிறுவனமான செர்வோட்ரானிக்ஸையும் வாங்கியது. கூக்கா அந்த வரிசையில் நடுவில் நிற்கும் துண்டு.

மிடியா நுழைந்த விதம் பொறுமையானது. 2015 ஆகஸ்டில் 5.4 சதவீதம், 2016 பிப்ரவரியில் 10.2, மே மாதம் 13.5. ஜெர்மனியில் 10 சதவீதத்தைத் தாண்டுபவர் 20 வர்த்தக நாளுக்குள் தன் நோக்கத்தையும் பணம் வந்த வழியையும் அறிவிக்க வேண்டும். ஆகவே பிப்ரவரியிலேயே இது எல்லோர் கண்முன்னும் இருந்தது. மூன்று மாதம் யாரும் மாற்று ஏற்பாடு செய்யவில்லை.

2016 மே முதல் ஆகஸ்ட் வரை

ஜெர்மனியில் 30 சதவீதத்தைத் தொட்டால் எல்லாப் பங்கையும் வாங்க முன்வருவது கட்டாயம். அதற்கு முன்பே தானாக முன்வந்தால் நேரத்தை வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். மிடியா இரண்டாவது வழியை எடுத்தது. 30 சதவீதத்தைத் தாண்டினால் போதும் என்று குறைந்தபட்ச நிபந்தனை வைத்தது. முழுக் கட்டுப்பாடு தன் குறி அல்ல என்று அப்போது வெளிப்படையாகவும் சொன்னது.

115 யூரோ என்பது முந்தைய நாள் சந்தை விலையைவிட 36 சதவீதம் கூடுதல். மொத்தம் 3.98 கோடி பங்குகள், ஆகவே நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 457 கோடி யூரோ. முந்தைய ஆண்டின் நிகர லாபத்தோடு ஒப்பிட்டால் 50 மடங்குக்கும் மேல்.

பெர்லினில் அன்றைய பொருளாதார அமைச்சர் ஐரோப்பியப் போட்டியாளர் யாராவது வர வேண்டும் என்று வெளிப்படையாகவே விரும்பினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸிலும் கவலை தெரிவிக்கப்பட்டது. யாரும் வரவில்லை. ஏபிபியிடம் ஏற்கெனவே ரோபோ உண்டு. அது வாங்கினால் போட்டிச் சட்டம் குறுக்கே நிற்கும். மற்றவர்களுக்கு 50 மடங்கு விலையைத் தங்கள் பங்குதாரரிடம் நியாயப்படுத்த வழியில்லை. மிடியாவுக்கோ சீனச் சந்தையில் விற்கப்போகும் ரோபோவும், தன் ஆலைகளில் தானே பயன்படுத்தப்போகும் ரோபோவும் சேர்ந்து கணக்கு வேறு. விலை அதிகம் என்று சொன்னவர்கள் தங்கள் கணக்கில் சரியாகவே சொன்னார்கள். மிடியா தன் கணக்கில் தவறவில்லை.

ஜூன் 16இல் வாங்கும் ஆவணம் வெளியானது. ஜூன் 28இல் நிறுவனத்தை நடத்தும் நிர்வாகக் குழுவும், அதை நியமித்துக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவும் ஏற்கப் பரிந்துரைத்தன. ஜூலை 3இல் ஃபோய்த் விற்க முடிவெடுத்தது. அந்த ஒரு கையொப்பத்துக்கு விலை ஏறத்தாழ 115 கோடி யூரோ. பதினெட்டே மாதத்தில் கிடைத்த லாபம் பெரிது. அந்தப் பணம் அதன் சொந்த டிஜிட்டல் தொழிலுக்குத் தேவைப்பட்டது. 10 சதவீதம் வைத்திருந்தவரும் விற்றார். இந்த இரண்டும் போனபின் சிறு பங்குதாரர் தயங்கக் காரணமே இல்லை. தயங்கினால் யாரும் வாங்காத மீதிப் பங்கோடு மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் மிச்சம். ஜூலை 15இல் முதல் கெடு முடிந்தது. ஜெர்மன் சட்டம் தரும் கூடுதல் இரண்டு வாரம் முடிந்த ஆகஸ்ட் 3இல் மொத்தம் 94.55 சதவீதம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ளவர் 25 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால் பொருளாதார அமைச்சகம் ஆராயலாம். ஆனால் தடுக்கப் பொது ஒழுங்கு அல்லது பாதுகாப்புக்கு ஆபத்து என்று காட்ட வேண்டும். கார் வெல்டிங் ரோபோவில் அதைக் காட்ட முடியாது. ஆகஸ்டில் அமைச்சகம் விசாரணை தொடங்காமல் விட்டுவிட்டது.

ஒப்பந்தம்: எது எழுதப்பட்டது, எது விடுபட்டது

கூக்கா நிர்வாகத்துக்கு இருந்த ஒரே பேரம் பேசும் இடம் அதன் பரிந்துரை. அதைக் கொடுத்து ஜூன் 28இல் மிடியாவிடமிருந்து ஒரு முதலீட்டாளர் ஒப்பந்தம் பெற்றார்கள். காலம் 2023 முடிவு வரை, அதாவது ஏழரை ஆண்டு. ஆதிக்க ஒப்பந்தம் கிடையாது. தலைமையகம் ஆக்ஸ்பர்க்கிலேயே. ஆலைகளுக்கும் வேலைகளுக்கும் பாதுகாப்பு. வாடிக்கையாளர் தகவல் தனியே பூட்டி வைக்கப்படும். 2020க்குள் விற்பனை 400 முதல் 450 கோடி யூரோ, அதில் 100 கோடி சீனாவிலிருந்து என்ற இலக்குக்கு மிடியா துணை நிற்கும்.

இதில் வலுவானது தகவல் பூட்டு. ஒரு கார் நிறுவனம் இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகு வெளியிடப்போகும் மாடலின் முழு வரைபடமும் வெல்டிங் லைன் செய்பவரிடம் வந்துவிடும். அது கசியும் என்ற சந்தேகம் வந்தாலே அடுத்த ஆர்டர் போய்விடும். இந்த ஒரு விதி இல்லாமல் இருந்திருந்தால் பிஎம்டபிள்யூ, டைம்லர், ஃபோக்ஸ்வாகன் போன்றோருக்குப் பதில் சொல்ல முடிந்திருக்காது.

ஆதிக்க ஒப்பந்தம் இல்லை என்பதற்கும் நடைமுறைப் பலன் உண்டு. அது இல்லாதவரை பெரும்பான்மைப் பங்குதாரர் நிர்வாகக் குழுவுக்கு உத்தரவு போட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் தாய் நிறுவனத்தோடு நடந்த எல்லாப் பரிமாற்றங்களையும் சார்பு அறிக்கையாக எழுதித் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பார்வையில் விடுபட்டவை மூன்று. மேற்பார்வைக் குழுவின் பங்குதாரர் இடங்களை யார் நிரப்புவது. நிர்வாகக் குழுத் தலைவரை எந்த நிலையில் மாற்றலாம். சீனாவில் தொடங்கப்போகும் கூட்டு நிறுவனத்தின் காப்புரிமை யாருக்கு. மேற்பார்வைக் குழுவின் பன்னிரண்டு இடங்களில் ஆறு தொழிலாளர் தரப்புக்கு உரியவை. மீதி ஆறு பெரும்பான்மைப் பங்குதாரரின் வாக்கில் நிரம்பும். வாக்கு சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு. தலைவரை வைத்திருப்பவரே நிர்வாகக் குழுவை நியமிப்பவர். ஆதிக்க ஒப்பந்தத்தைத் தடுத்துவிட்டு இந்தக் கதவைத் திறந்து வைத்தது இந்த நிகழ்வின் பெரிய ஓட்டை என்பது எங்கள் கணிப்பு.

அமெரிக்க வாசல்

கூக்காவின் அமெரிக்கக் கிளை விமானத் தயாரிப்பு லைன்களும் செய்துவந்தது. அதனால் வெளிநாட்டு முதலீட்டை ஆராயும் அமெரிக்கக் குழுவின் அனுமதி தேவைப்பட்டது. அதே இலையுதிர் காலத்தில் ஐக்ஸ்ட்ரான் என்ற ஜெர்மன் சிப் கருவி நிறுவனத்தைச் சீன நிதி வாங்குவதற்குக் கொடுத்த அனுமதியை ஜெர்மனி திரும்பப் பெற்றது; டிசம்பர் 2இல் அமெரிக்க அதிபர் அதைத் தடுத்தார். கூக்கா முன்கூட்டியே விமானப் பிரிவை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. டிசம்பர் இறுதியில் அனுமதி கிடைத்தது. 2017 ஜனவரி 6இல் பணமும் பங்கும் கைமாறின. சிக்கலான துண்டை முன்பே வெட்டிவிடுவது என்ற முடிவு சரியாக வேலை செய்தது.

பின்விளைவு

2017இல் மேற்பார்வைக் குழுத் தலைவர் பொறுப்பு மிடியாவின் மேலாளர் ஒருவரிடம் போனது. அந்த ஆண்டு விற்பனை 348 கோடி யூரோவாக ஏறியது. 2018இல் கார் துறை தளர்ந்தது, சீனச் சந்தை இலையுதிர் காலத்தில் குளிர்ந்தது. லைன் அமைக்கும் பிரிவில் சில திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டின. இந்தத் தொழிலில் அது அடிக்கடி நடப்பதுதான். விலை முன்கூட்டியே நிலையாகப் பேசப்படும். வாடிக்கையாளர் தகட்டின் வடிவைப் பின்னால் மாற்றினால் பிடிமானங்களை மறுபடி செய்ய வேண்டும், ரோபோ நிரலை மறுபடி கற்பிக்க வேண்டும், அந்தச் செலவு லைன் அமைப்பவர் தலையில். விற்பனை 324 கோடி. இயக்க லாப விகிதம் 1.1 சதவீதமாக விழுந்தது.

மிடியாவுக்கு விற்றதற்கு முகமாக நின்ற நிர்வாகக் குழுத் தலைவர் தன் பணி ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே 2018 டிசம்பரில் வெளியேறினார். முதலீட்டாளர் ஒப்பந்தத்தின் எந்த வரியும் மீறப்படவில்லை. 2019இல் ஆக்ஸ்பர்க்கில் 350 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார்கள். 2020இல் கொரோனா வந்தது. விற்பனை 257 கோடி, 400 கோடி என்ற இலக்கிலிருந்து வெகு தூரம். அந்த ஆண்டு நிகர நட்டம் 9 கோடிக்கும் மேல்.

இதை மிடியாவின் குற்றம் என்று எழுதுவது நியாயமாகாது. கார் துறைச் சரிவு யார் கையில் இருந்தாலும் வந்திருக்கும். 2022இல் விற்பனை 390 கோடி யூரோ, பெரிதும் சீனாவின் உந்துதலால். தலைமையகம் ஆக்ஸ்பர்க்கில்தான் இருக்கிறது. மிடியாவின் சொந்த ஊரான ஷுண்டேயில் ரோபோ ஆலை எழுந்தது.

2021 நவம்பரில் மீதிச் சிறு பங்குதாரரை வெளியேற்றப்போவதாக மிடியா அறிவித்தது. 95 சதவீதம் கையில் இருந்தால் சட்டம் அதை அனுமதிக்கிறது. 2022 மே பொதுக்கூட்டம் நிர்ணயித்த விலை 80.77 யூரோ. 2016இல் விற்காமல் நம்பி வைத்திருந்தவருக்கு 115இல் 30 சதவீதம் குறைவாகக் கிடைத்தது.

எவற்றை மாற்றிச் செய்யலாம்

பங்கு நங்கூரம் வேண்டும் என்று நினைக்கும் நிறுவனம், நங்கூரப் பங்குதாரரோடு விற்பனைக்கு முன் மற்றவருக்கு முதல் வாய்ப்புத் தரும் உடன்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 25.1 என்ற எண் தடுக்கும் உரிமையைத் தருகிறது, தடுக்கும் மனதைத் தருவதில்லை.

10 சதவீத அறிவிப்பு வந்த நாளே வேலை தொடங்கும் நாள். மாற்று முதலீட்டாளரைத் தேட மூன்று மாதம் போதும்; வாங்கும் அறிவிப்பு வந்தபின் நான்கு வாரத்தில் அது நடக்காது.

ஒப்பந்தத்தில் வேலை எண்ணிக்கையைவிட முதலில் கேட்க வேண்டியது மேற்பார்வைக் குழுவில் இரு தரப்பையும் சாராத இடங்களும், நிர்வாகத் தலைவரை நீக்கத் தேவையான பெரும்பான்மையும். விற்பனை இலக்கை உறுதிமொழியோடு ஒரே பட்டியலில் சேர்க்கக் கூடாது. ஒன்றை மீறினால் வழக்குப் போடலாம்; மற்றது தவறினால் வருத்தப்படத்தான் முடியும்.

அரசு தரப்பில் பாடம் உடனே எடுக்கப்பட்டது. 2017 ஜூலையில் வெளிநாட்டு முதலீட்டு விதி இறுக்கப்பட்டது. 2021 மே 1 முதல் ரோபோ உள்ளிட்ட பல தொழில்நுட்பங்களில் 20 சதவீதத்தைத் தொட்டாலே அறிவித்து அனுமதி பெற வேண்டும். அந்த விதி வந்த நாளில் கூக்காவின் ஏறத்தாழ 95 சதவீதம் மிடியாவிடம் இருந்தது.

சிறு பங்குதாரருக்கு ஒன்று: வாங்குபவர் 90ஐத் தாண்டும் நிலை தெரிந்தால், கூடுதல் இரண்டு வாரக் கெடுவின் கடைசி நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் அந்த நாள் ஆகஸ்ட் 3.